மாப்பிள்ளை வந்த வண்டி

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் செய்யதலி பாத்திமாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அவருக்கு முப்பத்தாறு வயது. பழைய கார்களை மட்டும்தான் பார்ப்பார். யாராவது புதிய காரோடு வந்தால், "இதுக்குக் கம்ப்யூட்டர் வேணும், என்கிட்ட ஸ்பேனர்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் அங்கே வந்தார். முப்பத்தைந்து வருடம் தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது. அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர் பச்சை நிறக் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. மூடிக்கிடந்த அரிசி மில் ஒன்றில் பதினாறு வருடமாக நின்ற கார். அவரைவிட இரண்டு வயது மூத்தது.

"ரிப்பேர் பண்ணணுமா அண்ணாச்சி?" என்று பாத்திமா கேட்டார்.

"வேண்டாம். ரிப்பேர் பண்ண எனக்குச் சொல்லித் தரணும்."

பாத்திமா அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"கரியாகும்."

"ஆகட்டும்."

"நாளாகும்."

"அதுதான் என்கிட்ட நிறைய இருக்கு."

பாத்திமா சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"உங்களை நான் என்னன்னு கூப்பிட?"

"பாத்திமான்னு கூப்பிடுங்க."

"அது முறையில்ல. சின்ன வயசுல எனக்குச் சிலம்பம் சொல்லித் தந்தவரை ஆசான்னு கூப்பிட்டேன். நீங்களும் ஆசான்தான்."

அன்றிலிருந்து அவர் ஆசானே என்றார், இவர் அண்ணாச்சி என்றார்.

முதல் நாள் பாத்திமா ஒரு பழந்துணியையும் ஒரு டப்பா மண்ணெண்ணெயையும் அவர் கையில் கொடுத்தார்.

"இன்ஜினைத் துடைங்க."

"ரிப்பேர்?"

"துடைங்க."

மூன்று நாள் துடைத்தார். நான்காம் நாள் காலையில், துடைத்த இரும்பில் புதிதாக ஒரு எண்ணெய்க் கோடு இறங்கியிருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எங்க இருந்து ஒழுகுது?" என்றார் பாத்திமா.

ஆவுடையப்பன் கோட்டின் வழியே மேலே போனார். ஒரு மூடியின் ஓரத்தில் போய் நின்றார்.

"இங்க இருந்து."

"அப்ப அதுதான் ரிப்பேர்."

நாட்கள் போயின. பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டக் கற்றார். ரேடியேட்டரை அலசக் கற்றார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மூட்டு மூட்டாகக் கிரீஸ் அடிக்கக் கற்றார். எழுந்து வரும்போது முகத்தில் கிரீஸ் இருக்கும். அவர் மனைவி கோமதி, "ஆபீசுக்குப் போன காலத்துல இந்த மூஞ்சியில இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்ல" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்.

பிளக்குக்குப் பொறியை அனுப்பும் பாயிண்டில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய தகடு ஒன்றை உள்ளே விட்டு அளந்து, ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். அளப்பது ஆவுடையப்பனுக்குப் பிடித்த வேலை. அளந்தார், முடுக்கினார், மூடினார். மறுநாள் திறந்து மறுபடி அளந்தார். அதற்கு மறுநாளும் அளந்தார்.

"ஏன் திறக்குதிய?" என்றார் பாத்திமா.

"சரியா இருக்கான்னு பார்க்க."

"நேத்து சரியா இருந்துதா?"

"இருந்துது."

"இன்னைக்கு?"

அவர் தகட்டை விட்டுப் பார்த்தார். இடைவெளி மாறியிருந்தது. கழற்றிக் கழற்றி முடுக்கியதில் ஸ்க்ரூவின் மரை தேய்ந்து போயிருந்தது.

பாத்திமா வேறொரு ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டாம் மாதம் வண்டி ஓடியது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த தெருவில் போய்த் திரும்பி வந்தது. சத்தம் சீராக இருந்தது. பச்சைப் பெயிண்டில் முகம் தெரிந்தது.

"குற்றாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார் பாத்திமா.

"அடுத்த வாரம் போறேன். கதவு ரப்பர் ஒண்ணு மாத்தணும்."

ரப்பரை மாற்றினார். அடுத்த வாரம் வைப்பர் கையில் ஒரு ஆட்டம் இருப்பதாகச் சொன்னார். அதையும் சரி செய்தார். அதற்கடுத்த வாரம் ஹாரனின் குரல் சரியில்லை என்றார். தினமும் காலையில் வந்து வண்டியைத் துடைத்தார். தெருவைத் தாண்டவில்லை.

ஒரு நாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திமாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஆசானே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"வண்டி ஒரு நாளும் நடுவழியில நிக்கக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?"

பாத்திமா கையைக் கழுவினார். ஸ்கூட்டரை எடுத்தார். "பின்னால ஏறுங்க" என்றார்.

மேலகரத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் நின்றது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். காவலாளி பாத்திமாவுக்கு வணக்கம் சொல்லி, பக்கவாட்டில் இருந்த அறையைத் திறந்துவிட்டார்.

உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு கார் இருந்தது. ஆவுடையப்பன் அப்படியொரு காரைப் பார்த்ததில்லை. விளக்குகளில் ஒரு தூசி இல்லை. சீட்டின் தோலில் ஒரு சுருக்கம் இல்லை. டயர்கள் தரையில் படாமல் நான்கு மரக்கட்டைகள் வண்டியைத் தாங்கி நின்றன.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார் பாத்திமா. "ஒரு தடவைகூட நடுவழியில நின்னதில்ல."

ஆவுடையப்பன் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து மரக்கட்டைகளைப் பார்த்தார்.

ஆனாலும் மறுநாள் காலையில் வந்து ஹாரனைக் கழற்றினார்.

ஆனி மாதம் பிறந்தது. பாத்திமாவின் தங்கை ரைஹானாவுக்கு நிக்காஹ் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை பீர் முகம்மது கடையநல்லூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"அண்ணாச்சி, கடையநல்லூர்ல இருந்து மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர ஒரு வண்டி வேணும்" என்றார் பாத்திமா.

"எத்தனை வண்டி வேணும்னாலும் பேசித் தாரேன்."

"பேச வேண்டாம். உங்க வண்டி வந்தாப் போதும்."

ஆவுடையப்பனின் கையிலிருந்து துணி விழுந்தது.

"பதினேழு கிலோமீட்டர்."

"ஆமா."

"நிக்காஹ் பதினோரு மணிக்கு."

"ஆமா."

"நீங்க கூட வருவியளா?"

"நான் பொண்ணுக்கு அக்கா. வீட்டைவிட்டு எப்படி நகர முடியும்? நீங்க ஓட்டிட்டு வாங்க."

மறுத்துப் பேச அவர் வாயைத் திறந்தார். பாத்திமா அதற்குள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. ஆனி மாதத்தில் தென்காசியில் சாரல் அடிக்கும், காற்று குளிர்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது.

ஆவுடையப்பன் கடையநல்லூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். வண்டிக்கு மல்லிகைச் சரம் கட்டினார்கள். பின் சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமா சாகுல் ஹமீது உட்கார்ந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். ஊருக்குள் ஊர்வலமாக, ஆள் நடக்கும் வேகத்தில் முக்கால் மணி நேரம் வண்டி ஊர்ந்தது. ஊர் எல்லையில் மற்ற வண்டிகள் முன்னால் போய்விட்டன. பச்சை வண்டி நிதானமாகப் பின்னால் போனது.

இடைகாலைத் தாண்டியதும் இன்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமி நின்றுவிட்டது.

ஆவுடையப்பன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகியது. மறுபடி திருப்பினார். மறுபடியும் திருப்பினார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கியது. விடாமல் திருப்பினார். கடைசியில் முனகலும் நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் சாகுல் ஹமீது.

ஆவுடையப்பன் இறங்கிப் போய்ப் பாத்திமாவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் ஒரே கல்யாணக் கூச்சல்.

"ஆசானே, நின்னுட்டு."

"எங்க?"

"இடைகால் தாண்டி. ரெண்டு பக்கமும் வயல்."

"பானெட்டைத் திறந்தியளா?"

"இல்ல."

"அப்ப எனக்கு ஏன் போன் பண்ணுதிய?"

பாத்திமா போனை வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் சட்டைக் கையை மடக்கிவிட்டுப் பானெட்டைத் திறந்தார். பாயிண்டைப் பார்க்கத் தோன்றவில்லை. பெட்ரோல் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் போனார், ஒழுகிய எண்ணெய்க் கோட்டின் வழியே போனதுபோல. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் அடியில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பம்பைத் தொட்டார். விரல் சுட்டது.

"பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிட்டு" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "வேற ஒண்ணும் இல்ல. பம்பு குளிரணும். தண்ணி வேணும், துணி நிறைய வேணும்."

வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பெயர் பேச்சியம்மாள், அந்த நடவுக் கூட்டத்தை நடத்தும் கொத்து அவள்தான்.

"மாப்பிள்ளை ஏன் ரோட்டுல நிக்காரு?" என்று கத்தினாள்.

"வண்டிக்குக் காய்ச்சல்" என்று மாப்பிள்ளை பதிலுக்குக் கத்தினார்.

வயலே சிரித்தது. பேச்சியம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாய்க்காலில் நனைத்துக்கொண்டு வரப்பேறி வந்தாள். ஆவுடையப்பன் அதைப் பம்பின் மேல் சுற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. வயலுக்கும் வண்டிக்குமாகத் துண்டுகள் போய் வந்தன. காய்ந்த துண்டு போக, நனைந்த துண்டு வந்தது. ஒருத்தி தூக்குவாளியில் இருந்த மோரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். சாகுல் ஹமீதும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் குமிழிகள் அடங்கின. பெட்ரோல் தெளிந்து நின்றது.

"இனி தள்ளினாப் போதும்" என்றார் ஆவுடையப்பன்.

"எத்தனை பேரு வேணும்?" என்றாள் பேச்சியம்மாள். பதில் வருவதற்குள் திரும்பி வயலைப் பார்த்துக் கை அசைத்தாள். முழங்கால்வரை சேறோடு மற்ற பதினோரு பெண்களும் ரோட்டுக்கு ஏறினார்கள்.

ஆவுடையப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இரண்டாவது கியரைப் போட்டார். பெண்கள் பின்னால் கை வைத்தார்கள். சாகுல் ஹமீது தோளைக் கொடுத்தார். மாப்பிள்ளையும் சும்மா நிற்கவில்லை. பட்டுச் சட்டையின் கையை ஏற்றிவிட்டு அவர்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை தள்ளக் கூடாது!" என்றாள் ஒருத்தி.

"எனக்குத்தானே அவசரம்" என்றார் அவர்.

வண்டி நகர்ந்தது. நடந்தது. ஓடியது. ஆவுடையப்பன் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டு பேரும் குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் வயலைக் கடந்து எதிர்ப்பக்கத் தென்னந்தோப்புவரை போனது. ஆவுடையப்பன் ஹாரனை அழுத்தினார். விட மனமில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையும் மாமாவும் ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள்.

தென்காசியில் கல்யாண வீட்டு வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். நிக்காஹை நடத்திவைக்கும் ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் பச்சை வண்டி தெருவுக்குள் திரும்பியது. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் சேறு. மாமாவின் தாடியில் மோர். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. வண்டியின் பின்பக்கம் முழுக்க, பச்சைப் பெயிண்டின் மேல், பன்னிரண்டு சோடிச் சேற்றுக் கைகள் பதிந்திருந்தன.

"இது என்ன அலங்காரம், புதுசா இருக்கே!" என்று ஒருவர் கேட்டார்.

"இடைகால்ல போட்டது" என்றார் ஆவுடையப்பன். வண்டி துடைக்கும் துணி அவர் தோளில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நிக்காஹ் முடிந்தது. விருந்து நடந்தது. ஆவுடையப்பனுக்கென்று பக்கத்து வீட்டில் தனியாகச் சைவச் சாப்பாடு செய்திருந்தார்கள். அவர் மூன்று முறை சோறு வாங்கினார். பரிமாறிய பெண்ணிடம், கேட்காமலேயே, கொதித்த பெட்ரோலின் கதையை இரண்டு தடவை சொன்னார்.

கூட்டம் குறைந்த பிறகு பாத்திமா வாசலுக்கு வந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். ஆவுடையப்பன் அவரை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமானது.

"ஆசானே."

"சொல்லுங்க."

"வெயில்ல ஊர்ந்தா அந்தப் பம்பு கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பினிய?"

"அனுப்பினேன்."

ஆவுடையப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நகத்தில் கரி இருந்தது. கரியோடு சேறும் இருந்தது.

"உங்க கூடப் பொறந்தவ நிக்காஹ். மாப்பிள்ளை வந்து சேரலைன்னா என்ன ஆகும்? வண்டி அறுபத்து நாலு வருஷத்து வண்டி. ஓட்டுதவன் தெருவையே தாண்டாதவன். எதை நம்பி அனுப்பினிய? வண்டியையா, என்னையா?"

பாத்திமா வண்டியின் பின்னால் போய் நின்றார். காய்ந்துகொண்டிருந்த கைத்தடங்களில் ஒன்றின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அளவு பார்த்தார்.

"இடைகால்ல இந்த வாரம் நடவுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.