ஏழாவது தோட்டா

"இது துப்பாக்கியே இல்லை, மாஸ்டர். இரும்புக் குழாய்," என்றாள் தேவகிருபை.

யாசின் துப்பாக்கி ரேஞ்சின் சிவப்புக் கொடியை ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு இருபத்தெட்டு. வெளியே அவன் தம்பி. சுடும் கோட்டுக்கு வந்துவிட்டால் மாஸ்டர். அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டவள் அவளேதான்.

"பத்து ரவுண்டு சுட்டுப் பாருங்கக்கா. பிடிக்கலேன்னா கடைக்கே திருப்பி அனுப்பிடலாம். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

"அனுப்பிட்டு? சொந்தத் துப்பாக்கி இல்லாதவங்க மாவட்டப் போட்டிக்கு வரக் கூடாதுன்னு உங்க கிளப்தானே சட்டம் போட்டுச்சு?"

"கிளப்தான் போட்டுச்சு."

"யாருக்காகப் போட்டுச்சு?"

யாசின் கொடிக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

ஐந்தாம் பாயில் பத்மாசினி தன் வெளிநாட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளப் செயலாளரின் மைத்துனி. போன வருஷம் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. தேவகிருபைக்கு வர வேண்டிய இடம். அது பத்மாசினிக்குப் போயிற்று.

"கிருபை, புதுசா? பொருட்காட்சியில என் மவன் பலூன் சுட்டானே, அது இப்படித்தான் இருந்துச்சு."

தேவகிருபை நான்காம் பாயில் குப்புறப் படுத்தாள்.

இந்த விலைக்கு வேறு கிடைக்காது. கட்டையில் மெருகு இல்லை. போல்ட் கரகரத்தது. ஒவ்வொரு முறையும் அதை இழுக்க வேண்டும். காலி உறை தெறித்து விழும். அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் வெயிலில் இலக்கு அட்டைகள் வரிசையாக நின்றன. ஒன்றைப் போலவே மற்றொன்று.

சுட்டாள். பக்கத்து அட்டையைப் பார்த்தாள்.

போல்ட்டை இழுத்தாள். சுட்டாள். பக்கத்துப் பாயைப் பார்த்தாள்.

ஏழாவது தோட்டாவைப் பூட்டும்போது, "ஆகா, நல்லா உக்காந்துச்சு!" என்றது பத்மாசினியின் குரல்.

தேவகிருபைக்குத் தலை கொதித்தது. எங்கே உட்கார்ந்தது என்று பார்த்தாள். பார்த்தபடியே மூச்சைப் பிடித்தாள். விசை, அவள் நினைப்பதற்குக் காத்திருந்ததுபோல், விழுந்தது. நடுவில் பட்டுவிட்டது என்று அவள் தோளுக்குத் தெரிந்தது. இருபது வருஷத்தில் அப்படி நாலைந்து முறைதான் தெரிந்திருக்கிறது.

பத்தும் முடிந்தன. போல்ட்டுகளைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, யாசின் நடந்து போய் இரண்டு அட்டைகளையும் எடுத்து வந்தான்.

அவளுடைய அட்டையில் ஒன்பது துளைகள். திசைக்கொன்றாக. நடுவில் ஒன்றுமில்லை.

"ஏழாவது எங்கே?" அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "பாத்தீங்களா மாஸ்டர்? தோட்டாவையே முழுங்குற துப்பாக்கி! கடைக்காரனுக்குப் போன் போடுங்க. இப்பவே போடுங்க!"

யாசின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்ற அட்டையை மேஜையில் வைத்தான்.

"நடுவுல பாத்தியா, கிருபை? ஊசி குத்தின மாதிரி," என்றாள் பத்மாசினி.

"நீங்க எத்தனை சுட்டீங்கம்மா?" என்று கேட்டான் யாசின்.

"பத்து."

அவன் விரல் வைத்து எண்ணினான். கீழே, இடப்பக்கம், ஒரே கூட்டமாகப் பத்து. நடுவில் ஒன்று.

பதினொன்று.

"அது என்னோடது!" தேவகிருபை மேஜையில் ஓங்கி அறைந்தாள். "என் ஏழாவது! நான் சுட்டது! இந்தத் துப்பாக்கியில நான் சுட்டது!"

ரேஞ்சே திரும்பிப் பார்த்தது.

யாசின் போனை அவளிடம் நீட்டினான்.

"கடைக்காரர் லைன்ல இருக்கார். துப்பாக்கிக்கு என்ன குறைன்னு கேக்கறார்."