பொன்னாடைக்குள் துணைவேந்தர்

மூங்கில்காட்டுப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஒரு கரடி. இப்போது படிக்கும் மான்குட்டிகளின் தாத்தாக்கள் படித்த காலத்திலிருந்து அவர்தான் துணைவேந்தர். அந்தக் காட்டில் மரம் ஏறத் தெரிந்தவர்கள், தடம் பார்த்து வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், பட்டம் வாங்கியும் ஒன்றும் தெரியாதவர்கள் எல்லோருமே அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைத்தான் குகையில் மாட்டியிருந்தார்கள்.

அந்தக் கரடியார் ஓய்வு பெறும் நாள் வந்தது. நல்ல கத்திரி வெயில்.

பதிவாளராக இருந்த நரியார் உடனே ஒரு விழாக் குழு அமைத்தார். துணைவேந்தர் நாற்காலி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அடுத்த துணைவேந்தர் யார் என்பதை விழா மேடையிலேயே அறிவிப்பதாக, பல்கலைக்கழக வேந்தரான சிங்கராஜா சொல்லியிருந்தார். ஆகவே விழா பிரமாதமாக நடக்க வேண்டும். அதை நடத்தியது யார் என்பதும் சிங்கராஜாவுக்குத் தெரிய வேண்டும்.

குழுக் கூட்டத்தில் நரியார் தன் திட்டத்தை விளக்கினார். ஊர்வலம், மாலை, வாழ்த்துரைகள், துறைக்கு ஒரு பொன்னாடை. எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்குத் துறையின் முள்ளம்பன்றி அம்மையார் மட்டும் கேட்டார்:

"அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"

"பாராட்டுவது நாம்தானே அம்மா? அவரை எதற்குக் கேட்க வேண்டும்?" என்றார் நரியார்.

அம்மையார் விடவில்லை. கரடியாருக்கு உடம்பெல்லாம் ரோமம், இந்த வெயிலில் பொன்னாடை வேறு எதற்கு என்று வாதாடினார். தன் முள் பட்டு ஆடை கிழிந்துவிடும் என்ற பயத்தில்தான் அம்மையார் இப்படிப் பேசுகிறார் என்றார் நரியார். குழுவே சிரித்தது. பக்கத்தில் உட்காருபவர்களுக்குக் குத்தும் என்று காரணம் காட்டி, மேடையில் அம்மையாருக்கு இடம் இல்லை என்றும் முடிவு செய்தார்கள்.

விழா நாள் வந்தது. ஆற்றங்கரை மைதானத்தில் பந்தல் போட்டு, மேடைக்குப் பின்னால் கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தேக்கு நாற்காலியில் கரடியாரை உட்கார வைத்து, அவர் மடியில் ஆளுயர நினைவுக் கேடயம் ஒன்றைச் சாத்தினார்கள். பக்கத்தில் சிங்கராஜா. அவர் மாலையை வாங்கிக்கொண்டதும் கண்ணை மூடிவிட்டார். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று கூட்டம் நினைத்தது.

மயில் வரவேற்புரை ஆற்றினார். கரடியாரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, தான் முதன்முதலில் தோகை விரித்த அனுபவத்தை விரிவாக எடுத்துரைத்தார். பிறகு பொன்னாடை போர்த்தல் தொடங்கியது.

முதல் ஆடைக்குக் கரடியார் எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்ததற்குப் பாதி எழுந்தார். அதற்கப்புறம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மான் துறை, முயல் துறை, குரங்குகளின் பழைய மாணவர் சங்கம் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. போர்த்தியவர்கள் அத்தனை பேரும் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே போர்த்தினார்கள். கடைசியில் யானை வந்து மேலிருந்து ஒரு ஆடையைப் போட்டார். அது கரடியாரின் தலையையும் மூடிவிட்டது. அதை விலக்கினால் யானை கோபித்துக்கொள்வாரோ என்று யாரும் விலக்கவில்லை.

உள்ளே ஒரே இருட்டு. அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது போலப் புழுங்கியது. கரடியார் ஈனக்குரலில், "தண்ணீர்... தண்ணீர்..." என்றார்.

நரியார் குனிந்து கேட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நம் அன்பைப் பார்த்து ஐயாவுக்குக் கண்ணீர் வருகிறதாம்!"

கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் ஓய்வு பெறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று கரடியாருக்குப் புரிந்தது. மடியில் இருந்த கேடயத்தை நாற்காலியில் நிமிர்த்தி வைத்தார். ஜரிகை விறைப்பில் ஆடைகள் அப்படியே நின்றன. மெல்லக் கீழே சறுக்கி, கீற்றுத் தட்டியை விலக்கிக்கொண்டு, நாலு காலில் வெளியேறினார். துணைவேந்தர் ஆனதிலிருந்து அவர் நாலு காலில் நடந்ததே இல்லை. நடந்து பார்த்தால் சுகமாகத்தான் இருந்தது. ஆற்றங்கரையில் துணைவேந்தர் அங்கியையும் கழற்றிப் போட்டார்.

ஆற்றில் சடையன் என்ற எருமை கிடந்தான். பல வருடங்களாகப் பரீட்சை எழுதி எழுதித் தோற்ற மாணவன் அவன். அதனால் அவனை விழாவுக்கு யாரும் அழைக்கவில்லை. அங்கி இல்லாமல் தொப்பென்று தண்ணீரில் விழுந்த கரடியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அங்கே என்னங்க சத்தம்?" என்று கேட்டான்.

"யாரோ ஒரு கரடிக்குப் பாராட்டு விழாவாம்."

"இந்த வெயிலிலா? யாருக்கு என்ன கெடுதல் செய்தாரோ, பாவம்."

கரடியார் தண்ணீரில் முங்கினார். எழுந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகு தேய்த்துவிடட்டுமா என்று சடையன் கேட்டான். கரடியார் திரும்பி உட்கார்ந்தார்.

மேடையில் நரியாரின் உரை நடந்துகொண்டிருந்தது. பேச்சின் உச்சத்தில் அவர் ஓடிப்போய், ஆடைகளுக்குக் கீழே கைவிட்டு, நாற்காலியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்த வயதிலும் ஐயாவின் கால்கள் தேக்குப் போல இருக்கின்றன" என்று உருகினார்.

கைத்தட்டலில் சிங்கராஜா விழித்துக்கொண்டார். அடுத்த துணைவேந்தர் யார் என்பதைக் கரடியாரே தன் வாயால் சொல்லட்டும் என்றார்.

பொன்னாடைக் குவியல் பேசவில்லை. நரியார் அதன் பக்கத்தில் காதை வைத்தார். உம் கொட்டினார். தலையை ஆட்டினார். வெட்கப்பட்டார்.

"நானே இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் ஐயா என் பெயரைத்தான் சொல்கிறார்."

"எனக்குக் கேட்கவில்லையே. ஆடைகளை எடுங்கள், என் காதால் கேட்கிறேன்" என்றார் சிங்கராஜா.

போர்த்திய ஆடையை எடுப்பது மரியாதை அல்ல என்று நரியார் தடுத்துப் பார்த்தார். சிங்கராஜா லேசாக உறுமினார். ஆடைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் எடுத்து முடித்தபோது நாற்காலியில் கேடயம் மட்டும் நின்றது. 'அன்பளிப்பு: பதிவாளர் நரியார்' என்று அதில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. கரடியாரின் பெயர் அதற்குக் கீழே எறும்பு அளவில் இருந்தது.

பின்வரிசையில் இருந்த முள்ளம்பன்றி அம்மையார்தான் முதலில் எழுந்தார். வெயில் தாங்காமல் தண்ணீருக்குத்தான் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டே ஆற்றுக்கு ஓடினார். அவர் பின்னால் காடே ஓடியது.

கழுத்தளவுத் தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் கரடியார். சிங்கராஜா, "துணைவேந்தர் அவர்களே" என்று கூப்பிட்டதுதான் தாமதம், சடையன் மூக்கு மட்டும் தெரியும்படி முங்கிக்கொண்டான்.

அடுத்த துணைவேந்தராக யாரைப் போடலாம் என்று சிங்கராஜா கேட்டார். கரடியார் யோசிக்கவே இல்லை.

"முள்ளம்பன்றி அம்மையாரைப் போடுங்கள். எல்லாக் கூட்டத்திலும் என்னோடு சண்டை போட்டவர். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் போட்டார்."

அப்படியே ஆகட்டும் என்றார் சிங்கராஜா. பொன்னாடைகளை எல்லாம் மடித்து, துறை துறையாகத் தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கும் வேலை நரியாருக்குக் கிடைத்தது. கூட்டத்தில் மிச்சப் பேர் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள்.

அம்மையார் கரையில் நின்றபடி புதிய துணைவேந்தராகத் தன் முதல் ஆணையைப் பிறப்பித்தார். கரடியார் உடனே கரையேற வேண்டும், இல்லாவிட்டால் சளி பிடிக்கும்.

"நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே அம்மா" என்று சொல்லிவிட்டுக் கரடியார் மறுபடியும் முங்கினார்.

ஒருவரைப் பாராட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க மறந்தால், நாம் பாராட்டுவது அவரை அல்ல, நம்மையேதான்.