குஞ்சம் கட்டிய குதிரை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். மூளையைவிட மீசை பெரிது. விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா ஒருநாள், "உங்கள் அரண்மனையில் உங்கள் நாட்டில் செய்தது என்று ஏதாவது உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தார். மறுநாளே பறை அறைந்தாகிவிட்டது: இனி அரண்மனை நம் நாட்டுச் சரக்கைத்தான் வாங்கும்!

எது நம் நாட்டுச் சரக்கு என்று முத்திரை குத்தும் பொறுப்பு பண்டகசாலை அதிகாரி திருமேனியாருக்குப் போயிற்று. அவருடைய மைத்துனன் கப்பலில் வெளிநாட்டுச் சரக்கு இறக்கும் வியாபாரி. அதனால் விதியையும் அவரே எழுதிக்கொண்டார்: நம் நாட்டார் கை பட்டதெல்லாம் நம் நாட்டுப் பொருள். உள்ளூர்த் தறிகள் என்னவோ சும்மாதான் கிடந்தன.

சபையில் விகடம் பேசும் அம்பலவனைக் கண்டாலே திருமேனியாருக்கு ஆகாது.

"மகாராஜா! தாங்கள் பவனி வர நம் நாட்டுக் குதிரை வேண்டாமா? எட்டு நாளில் அம்பலவன் கொண்டுவரட்டும். வேற்றுநாட்டுக் குதிரையைக் கொண்டுவந்தால் அவனும் குடும்பத்தோடு வேற்றுநாட்டுக்கே போகட்டும்" என்றார்.

அந்த நாட்டில் குதிரை பிறப்பதே இல்லை. எல்லாம் கப்பலில் வருபவை. ராஜாவைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

"பேஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அம்பலவன் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டான். மனைவி செண்பகம் மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாம் அந்தத் திருமேனியார் பண்ற வேலை. ராஜா போத்தியிருக்காரே பட்டு, அதுவும் கப்பல்ல வந்ததுதான். குஞ்சம் கட்டுனதே நான். கட்டி முடிச்சதும் முத்திரையக் குத்திக் கொண்டுபோயிட்டாங்க."

அம்பலவன் எழுந்து உட்கார்ந்தான். "அடியே, அதே மாதிரி இன்னொரு குஞ்சம் கட்டிக் குடு. கொஞ்சம் பெருசா."

எட்டாம் நாள், துறைமுகத்தில் கடனுக்கு வாங்கிய ஓர் அரபுக் குதிரையோடு அம்பலவன் சபைக்கு வந்தான். வாலில் குஞ்சம் ஆடியது.

"நம் நாட்டுக் குதிரை, மகாராஜா. திருமேனியார் முத்திரை குத்தவேண்டியதுதான் பாக்கி" என்றான் அம்பலவன்.

திருமேனியார் துள்ளி எழுந்தார். "இது நேற்றுக் கப்பலில் இறங்கிய குதிரை! குஞ்சம் கட்டினால் நம் நாட்டுக் குதிரையாகிவிடுமா?"

"ஆகாதா?"

"நூறு குஞ்சம் கட்டினாலும் ஆகாது!"

"அப்படியானால், மகாராஜா, தாங்கள் அந்தப் பட்டைக் கழற்றிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரி கட்டிய குஞ்சத்தைத் தவிர மற்றதெல்லாம் கடல் தாண்டி வந்தது."

ராஜா பட்டின் ஓரத்தைப் பார்த்தார். குதிரையின் வாலைப் பார்த்தார். அதே நிறம், அதே முடிச்சு. ராஜா மீசை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் திருமேனியாரிடமிருந்த முத்திரையைப் பிடுங்கி அம்பலவனிடம் நீட்டினார்.

"வேண்டாம், மகாராஜா. இது கைக்கு வந்தால் எனக்கும் கப்பல் வைத்த மைத்துனன் ஒருவன் முளைத்துவிடுவான். பட்டை நம் தறிக்காரர்களிடம் வாங்குங்கள். இங்கே பிறக்காத குதிரையை வெளிநாட்டுக் குதிரை என்று சொல்லியே வாங்குங்கள்."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து, கடனைத் தானே அடைத்து அந்தக் குதிரையையே அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அம்பலவனுக்குக் குதிரை ஏறத் தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தான்.

வாசலில் மூட்டைகளோடு நின்ற செண்பகம் குதிரையைப் பார்த்துவிட்டு, "மூட்டைய இது மேலயா ஏத்தணும்?" என்று கேட்டாள்.

"உள்ள கொண்டுபோய் அவுத்து வை" என்றான் அம்பலவன்.