கிளிமூக்குப் பாறை

உயரமான ஒரு மலையில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்கு வழிகாட்டி சடைச்சி என்கிற பெண் ஆடு. அவள் குளம்பு பதிந்த இடத்திலேயே மற்றவையும் குளம்பு பதிக்கும். ஒன்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. அந்தக் கூட்டத்தின் வழக்கம் அப்படி!

அன்று சாரல் பிடித்துக்கொண்டது. பிறந்து சில நாளே ஆன சடைச்சியின் குட்டி குளிரில் வெடவெடத்தது. மலைக்கு அந்தப் பக்கம் குகை இருந்தது. போகிற வழியில், கிளியின் மூக்கைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கடக்க வேண்டும். கீழே அதலபாதாளம்.

சடைச்சி பாறைமேல் ஒரு காலை வைத்தாள்.

"யாரது? மெதுவா!" இடுக்கிலிருந்து ஓணான் தலையை நீட்டியது. "வீடெல்லாம் மறுபடி மண்ணு!"

"உனக்கு எப்பப் பாத்தாலும் புலம்பல்தான்!"

"புலம்பாம? நான் குடிவந்தப்ப இங்க வாலை நீட்ட இடமில்லை. இப்ப என் மாமியார் வீட்டுச் சனமே வந்து படுக்குது! காத்து இப்படி நுழைஞ்சு அப்படிப் போகுது!"

சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. அப்படியானால் வெயிலும் மழையும் இத்தனை வருஷமாகப் பாறையைப் பிளந்துகொண்டே இருந்திருக்கின்றன! குளம்புக்குக் கீழே லேசாக ஏதோ அசைந்தது. காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"எல்லாரும் திரும்புங்க!"

"என்னக்கா, வழி மறந்துபோச்சா?" என்றது ஓர் இளம் கிடா. மற்றவை களுக்கென்று சிரித்தன.

வழிகாட்டி திரும்புவது அங்கே பெரிய அவமானம். நாளை வேறொருத்தி முன்னால் நடப்பாள். சடைச்சி தன் குட்டியைப் பார்த்தாள்.

"ஆமாண்டா, மறந்துபோச்சுன்னே வெச்சுக்கோ! நட! ஓணானே, சனத்தோட என் முதுகுல ஏறு!"

முன்பு எப்போதோ உருண்ட கற்கள் குவிந்து, பக்கத்தில் ஒரு புதுச் சரிவு உண்டாகியிருந்தது. ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தே ஏறினாள். பாதி ஏறியபோது மலையே இருமியதுபோல் ஒரு சத்தம். கிளிமூக்கு முறிந்து பாதாளத்தில் விழுந்தது!

குகைக்குள் வந்ததும் கிடா மெல்லக் கேட்டது: "மலைக்கு என்னக்கா ஆச்சு?"

"வயசாகுதுடா. மூக்கு மழுங்குது, தோள் இறங்குது. நமக்கு ஆகலையா?"

"நாளைக்கும் நீதான்க்கா முன்னால போகணும்."

"போறேன். நீங்களும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாத்து வாங்க!"

மலையே வயதுக்கேற்ப உருவம் மாறும்போது, பழகிய வழியை மாற்றிக்கொள்ள நாம் வெட்கப்படக் கூடாது.