மொழிக்கு முன்னால் ஓர் அரவை மிஷின்

“டீச்சரம்மா, ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதி விரலே தேஞ்சு போச்சு” என்றார் சுடலைமுத்து.

சொன்னவர் பேரன் எடுத்தவர். டீச்சரம்மாவுக்கு அவர் மகள் வயது.

மேகம்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும், அப்படியொரு மலை உச்சி. அங்கே உட்கார்ந்து, இணையப் பக்கங்கள் எழுதுவதற்கென்றே ஒரு கணினி மொழியை உண்டாக்கியவள் இந்த டீச்சரம்மா, ஆவுடையம்மை; அதை அவளிடம் கற்றவர் சுடலைமுத்து. நம்பாதவர்கள் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

“அதுக்கு என்ன செய்யணும்ங்கிறீங்க?”

“மொழிக்கு முன்னால ஒரு அரவை மிஷின் வைக்கிறேன். மேக்ரோன்னு பேரு. நான் ஒரு சொல் எழுதினாப் போதும். மிஷின் அதை அரைச்சு, பத்து வரியாத் துப்பிடும். மொழி அந்தப் பத்து வரியைப் படிச்சுக்கும்.”

“துப்பினதை நீங்க படிப்பீங்களா?”

“அதையும் நானே படிக்கிறதுன்னா, மிஷின் எதுக்கு?”

அவள் சிரிக்கவில்லை.

“வைங்க அண்ணாச்சி.”

வைத்தார். முதல் வேலையாக, ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்பும் பக்கத்தை எழுதினார். அணை திறந்தால் ஊர் ஊராகச் செய்தி போக வேண்டும். ஒரே வரியில் முடித்துவிட்டார். சோதித்துப் பார்த்தாரா? ஒரு வரிதானே, அதில் என்ன சோதிப்பது?

அந்த ஐப்பசி மழைக்குத் தவளைகளே ஒதுங்க இடம் தேடின.

அணையைத் திறந்தார்கள். பாதி ஊர்கள் மேட்டில் ஏறிக்கொண்டன. மீதி ஊர்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தன.

மறுநாள் சுடலைமுத்து மலையேறி வந்து நின்றார். காலில் செருப்பில்லை.

“ஒரு ஊர் விட்டு ஒரு ஊருக்குத்தான் செய்தி போயிருக்கு. என் தங்கச்சி ஊருக்குப் போகலை.”

“தங்கச்சி?”

“தேடிக்கிட்டிருக்காங்க.”

சட்டைப் பையிலிருந்து நனைந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“நான் எழுதினதைப் படிச்சுப் படிச்சுப் பார்த்துட்டேன். ‘அடுத்த ஊர் இருந்தா, அதுக்குச் சொல்லு.’ அவ்வளவுதான். இதுல தப்பு எங்கே இருக்கு?”

முற்றத்தில் கஞ்சிப் பானை கொதித்தது. கீழேயிருந்து தப்பி வந்தவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஆவுடையம்மை கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். தன் கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மிஷின் துப்பினதை நான் வாசிக்கிறேன். ஊருக்குப் பதிலா ஆள், செய்திக்குப் பதிலா கஞ்சி. அப்படியே செய்யுங்க.”

“சரி.”

“அடுத்த ஆளைக் கூப்பிடு.”

கூப்பிட்டார். ஒரு கிழவர் வந்து தட்டை நீட்டினார்.

“ஆள் இருக்கா?”

“இருக்கு.”

“இருந்தா, அடுத்த ஆளைக் கூப்பிடு.”

“இவருக்கு இன்னும் ஊத்தலையே டீச்சரம்மா.”

“இவருக்கு ஊத்தச் சொல்லி இங்கே இல்லை. நீங்க ஒரு தடவை எழுதின ‘அடுத்த’, மிஷின் துப்பினதுல ரெண்டு தடவை இருக்கு.”

கூப்பிட்டார். கைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள்.

“வந்த ஆளுக்கு ஊத்து.”

அவள் தட்டில் ஊற்றினார்.

“திரும்ப முதல்ல இருந்து. அடுத்த ஆளைக் கூப்பிடு.”

சுடலைமுத்து கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டுக் கிழவர் பக்கம் திரும்பினார்.

கிழவர் தன் வெறும் தட்டைப் பார்த்தார். பிறகு சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

“நானும் வரிசையிலதானே ஐயா நின்னேன்?”