எழுபதில் நட்ட கல்

வடிவம்மையின் மடத்துக்கு நல்லபெருமாள் சீடராக வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "ஐயா" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

அதற்கு முன் அவர் அரண்மனையில் நிலம் அளப்பவர். அளக்க முடியாத பொருள் உலகத்தில் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. ரசத்துக்கு உப்புப் போடக்கூட அளவுகோலைத் தேடுவார் என்று மடத்தில் கேலி பேசுவார்கள்.

அந்த ஆண்டு கொள்ளைக் காய்ச்சல் வந்து போயிற்று. ஆற்றங்கரை ஊர்களிலும் மலையடி ஊர்களிலும் சாவு விழாத தெரு இல்லை. அது திரும்பி வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். அரசரிடம் இருந்ததோ ஒரே ஒரு நல்ல வைத்தியர். எந்தப் பக்கம் அதிகம் இழந்ததோ அந்தப் பக்கம் அவரை அனுப்புவது என்று முடிவாயிற்று. அதைக் கண்டு சொல்லும் வேலை நல்லபெருமாள் தலையில் விழுந்தது.

அவர் குருவிடம் வந்தார்.

"செத்தவங்களை எண்ணிட்டேன்மா. ஆற்றங்கரையிலதான் அதிகம். ஆனா அங்க போனவங்க பெரும்பாலும் வயசாளிங்க. மலையடியில போனது சின்னஞ்சிறுசுங்க. ரெண்டையும் தலைக்கு ஒண்ணுன்னு எண்ண மனசு வரல. எப்படி அளக்கிறது?"

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆறு கரையை அரிச்சா எப்படி ஐயா அளப்பீங்க?"

"இப்பக் கரை நிக்கிற இடத்துலேர்ந்து பழைய எல்லைக்கல் இருந்த இடம் வரைக்கும்."

"எத்தனை பேர் வயல் போச்சுன்னு எண்ணினாப் போதாதா?"

"அதெப்படிப் போதும்? ஒருத்தனுக்கு வரப்போரம் போயிருக்கும். இன்னொருத்தனுக்கு வயலே போயிருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

வீடு வீடாகப் போய் இறந்தவர்களின் வயதைக் கேட்டார். மலையடியில் ஒரு தாய், "வயசா? இன்னும் பேரே வைக்கலையே" என்றாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுமாதம் மடத்துக்குத் திரும்பினார். முகத்தில் களையே இல்லை.

"எழுபதுல எல்லைக்கல்லை நட்டேன்மா. நம்ம பக்கம் மனுஷன் சாதாரணமா அதுவரைக்கும் இருப்பான். அறுபதுல போனவருக்குப் பத்து வருஷம் நட்டம். பேர் வைக்காத அந்தக் குழந்தைக்கு எழுபதும் நட்டம். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா மலையடிதான் ரொம்ப இழந்திருக்கு."

"அப்போ வைத்தியர் மலையடிக்குப் போகட்டும்."

"போகட்டும். அதுல எனக்குச் சண்டையில்லை. நாளைக்கு அரசர்கிட்டச் சொல்லணும். வாய் வரமாட்டேங்குது."

"ஏன்?"

நல்லபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஆற்றங்கரையில எங்க அக்காவும் போயிட்டா. எழுபத்திநாலு. கல்லைத் தாண்டினவ. அவளுக்குக் கணக்குல ஒண்ணுமே வரல. அவ போனதுல யாருக்கும் ஒருநாள்கூட நட்டமில்லைன்னு என் கையாலேயே கூட்டிட்டு வந்திருக்கேன்மா."

தூக்கி வளர்த்தவளைத் தானே இல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

வடிவம்மை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"காய்ச்சல் வர்றதுக்கு முந்தி அக்கா என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?"

"வேலியோரமா அவரை விதை ஊணினா. ஆடி முடியறதுக்குள்ள ஊணணும்னு அவளுக்கு ஒரே பரபரப்பு."

"அவரை எப்போ காய்க்கும்?"

"தை ஆயிடும். பொங்கலுக்குப் பறிச்சு உனக்கும் குடுத்து விடறேன்னு சொன்னா."

"எழுபதுல கல்லை நட்டது நீங்க. உங்க அக்கா தன் கல்லைத் தையில நட்டிருக்காங்க. அதுவரைக்கும் அளந்துட்டு அப்புறம் அரசர்கிட்டப் போங்க."