புனலுக்கு முன்னால்

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மூத்திர வியாதி வைத்தியம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார், டாக்டர் சவரிராயன். மூத்திரம் அடைத்துப்போன கிழவர்களுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேரை அவரிடம் படிக்கிற திருமேனி கவனித்தான். மீதிப் பேரை, கூடப் படிக்கிற நவநீதன்.

சோதனை இதுதான். கிழவர் மறைப்புக்குள்ளே போய்ப் புனலில் மூத்திரம் போகணும். கீழே உள்ள மிஷின், ஓட்டத்தின் வேகத்தைக் காகிதத்தில் கோடாகப் போடும். வேகம் கூடினால் கோடு ஏறும்.

நவநீதன் காகிதமெல்லாம் மலை. திருமேனி காகிதமெல்லாம் தரிசு.

திருமேனிக்கு நாற்பது வயசு. மற்றவன் பதிமூணு வருஷம் இளையவன். அவன் தும்மினால்கூட சிஸ்டர்மாருக்குச் சிரிப்பு வருகிறதே என்று திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு புகார் எழுதி எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனான். அதில் வாத்தியார் கையெழுத்து விழுந்தால் நவநீதன் படிப்பு அன்றோடு சரி.

"அவன் நம்பரைத் திருத்துதான் சார்."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஒரே மாத்திரை, ஒரே மாதிரி மிஷின். அவன் ஆளுகளுக்கு மட்டும் மடை தெறந்த மாதிரி ஓடுது. எப்படி சார்?"

வாத்தியார் ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். "குடி."

"எனக்கெதுக்கு சார்?"

"குடிய்யா."

மூணு செம்பு குடித்தான். ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். அவன் காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்ததும், "வா, புனலுக்கு" என்றார்.

மறைப்புக்குள்ளே அவரும் கூடவே வந்தார். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தோளோரம் நின்றார். "ம், போ. இன்னும் கொஞ்சம் வேகமா."

அடுத்த மறைப்பில் நவநீதன் குரல். "தாத்தா, அவசரமே இல்ல. நான் டீ குடிச்சிட்டு வாரேன். முடிஞ்சா சிஸ்டர்ட்ட சொல்லுங்க." செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. கொஞ்ச நேரத்தில் தகரத்தில் மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

திருமேனிக்கு வயிறு முட்டிக்கொண்டு வலித்தது. ஒரு சொட்டு வரவில்லை.

"என்னய்யா, உனக்கும் அடைப்பா? நம்ம மாத்திரையவே எழுதட்டுமா?"

"நீங்க நிக்கீங்களே சார். எப்படி வரும்?"

"உன் ஆளுக போகும்போது நீ எங்க நிப்பே?"

திருமேனி புனலையே பார்த்தான்.

"பக்கத்துலதான் சார்... கடிகாரத்தோட."

"எதுக்கு?"

"அவனைவிட ஒரு கோடாவது கூட ஏறணுமேன்னு..."

வாத்தியார் கடிகாரத்தைப் பையில் போட்டார். வெளியே போய் மறைப்பின் கதவைச் சாத்தினார்.

திருமேனி கண்ணை மூடினான். பக்கத்து மறைப்பில் மழை இன்னும் விடவில்லை. இந்தக் கிழவர் கோடு எவ்வளவு ஏறியிருக்கும்? இருபதா? இருபத்திரண்டா?

நேரம் போயிற்று. அவன் அழாத குறை.

"சார், கதவும் சாத்தியாச்சு. நீங்களும் இல்ல. இன்னும் வரலியே சார்!"

வெளியே இருந்து வாத்தியார் குரல் வந்தது.

"நவநீதனை இன்னும் வெளிய அனுப்பலியாய்யா நீ?"